இவ்விடம் யாவரும் நலம்: புலம்பெயர்ந்த முதியோர் பற்றிய சமூகப்பணி ஆய்வு, முதன்முறை படிப்பவர்களுக்கு

முன்பெல்லாம் கடிதத்தின் முதல் வரிக்கு யாரும் மெனக்கெட்டதில்லை. "இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் உங்கள் நலமறிய ஆவல்." காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதினாலும், ஷெல் விழுந்து கூரை போன மறுநாள் எழுதினாலும் அந்த வரி மாறாது. கெட்ட செய்தி இரண்டாம் பத்தியில் வரும். சில வேளை வராமலே போகும். இன்று கடிதம் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது, வரி மட்டும் அப்படியே இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஞாயிறு காலைகளில் கதவுகளைக் காற்றுக்காகத் திறந்து வைப்போம். கனடா, லண்டன், மெல்பேர்ண் என்று மூன்று திசையிலிருந்தும் அழைப்பு வரும். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "ஓம், நல்ல சுகம். நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா?"

அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முறையாகக் கேட்டறியும் துறை ஒன்று இருக்கிறது. 'புலம்பெயர்ந்த முதியோரின் முதுமையும் நல்வாழ்வும் பற்றிய சமூகப்பணி ஆய்வு' என்று ஒரு முழ நீளத்துக்குப் பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். சொந்த இடத்தை விட்டுப் போன வயதானவர்கள் எப்படி இருக்கிறார்கள், ஏன் அப்படி இருக்கிறார்கள், அதற்கு என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விகள்தான். முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் சமூகவியல் என்றோ முதுமையியல் என்றோ சொல்லிவிடலாம். மூன்றாவதும் சேர்ந்தால்தான் சமூகப்பணி.

விளக்குவதற்கு என் பெரியம்மாவைத் துணைக்கு அழைக்கிறேன். பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதம் தந்திருக்கிறார். சம்மதம் பெறுவதுதான் இத்தகைய ஆய்வின் முதற்படி என்பதால் நானும் ஒழுங்காகவே தொடங்கியிருக்கிறேன். அவருக்கு வயது 78, சொந்த ஊர் கொக்குவில். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் வெளியேறியபோது, ஒரு சைக்கிளையும் இரண்டு பைகளையும் உருட்டிக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தவர். பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ், அதன்பின் வெள்ளவத்தையில் வாடகை வீடு. பெரியப்பாவும் இங்கேயே காலமானார். 2015இல் மகன் ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதிக்கு அழைத்துக்கொண்டான். இப்போது அங்கே பனி தொடங்கும்போது கொழும்புக்கு வருகிறார், பனி கரைந்ததும் திரும்புகிறார்.

'புலம்பெயர்ந்த முதியவர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உள்ளே குறைந்தது இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இருபத்தைந்து வயதில் போன ஒருவர் அங்கே உழைத்தார், வரி கட்டினார், வாகனம் ஓட்டினார், மொழியைப் பழகினார். நரை மட்டும் பிறகு வந்து சேர்ந்தது. பெரியம்மாவோ அறுபத்தேழு வயதில், முழங்கால் வலியையும் சேர்த்துக்கொண்டு விமானம் ஏறினார். இருவரையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்தால் வருகிற எண் இருவருக்கும் பொருந்தாது. ஆகவே இந்தத் துறையின் எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும் முதலில் பார்க்கவேண்டியது, எந்த வயதில் போனவர்களைப் பற்றி அது பேசுகிறது என்பதைத்தான்.

விமானம் ஏறியே ஆகவேண்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, மருந்துக் கடையில் சிங்களத்தில் கேட்கப்படும் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டும் முதியவர்கள் கொழும்பின் காலி வீதி நெடுக இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து நீலகிரியில் முதுமையடைந்தவர்கள் அவர்களில் உண்டு. 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்தவர், எது தாயகம் என்று அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சமூகப்பணிக்கும் குடியேறிய முதியோருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அந்தத் தொழிலின் ஒரு வேரே அங்கேதான் இருக்கிறது. 1889இல் ஜேன் அடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்கள் சிக்காகோ நகரில் இத்தாலியர், யூதர், கிரேக்கர் என்று குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஒரு பழைய மாளிகையை எடுத்து, 'ஹல் ஹவுஸ்' என்ற பெயரில் அங்கேயே குடியிருந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். அயலில் யார் எந்த நாட்டவர், வாரத்துக்கு என்ன உழைக்கிறார் என்று வீடு வீடாகக் கேட்டு, வண்ண வரைபடங்களாக 1895இல் வெளியிட்டார்கள். சமூகப்பணி ஆய்வின் முன்னோடி என்று இன்றும் அதைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அந்த வரைபடம் அல்ல. ஒரு நாள் தெருவில் போகும்போது, வயதான இத்தாலியப் பெண் ஒருவர் வாசற்படியில் வெயில் காய்ந்தபடி கையால் நூல் நூற்றுக்கொண்டிருப்பதை அடம்ஸ் பார்த்தார். ஊரில் அது கைத்தொழில்; சிக்காகோவில் பிள்ளைகள் ஆலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க, தாயின் கைத்திறனுக்கு விலையும் இல்லை, மதிப்பும் இல்லை. 1900இல் அடம்ஸ் ஒரு 'தொழில் அருங்காட்சியகம்' திறந்தார். காட்சிப் பொருளாக மூதாட்டிகளை வைக்கவில்லை, கற்பிப்பவர்களாக வைத்தார். தலையில் முக்காடு கட்டிய தன் தாயோடு ஒரே வாசலால் நுழைய வெட்கப்பட்டு வேறு வாசலால் வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி, வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் தாயின் நூற்பைச் சூழ்ந்து நின்று பார்த்த நாளுக்குப் பிறகு தாயோடு சேர்ந்து வரத் தொடங்கினாள் என்று அடம்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

நூற்றிருபது ஆண்டுக்கும் மேலாகிவிட்டது. இன்று எழுதப்படும் ஆய்வுகளில் 'பங்கு இழப்பு' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். வீட்டில் முடிவெடுக்கிறவராக, ஊரில் நாலு பேர் வந்து ஆலோசனை கேட்கிறவராக இருந்தவர், புதிய நாட்டில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடுபவராக மட்டும் ஆகிவிடுவதைக் குறிக்கும் சொல் அது. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது சுமையா, மகிழ்ச்சியா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கும்போது பெரும்பாலும் 'இரண்டும்' என்ற பதில்தான் வருகிறது. பெரியம்மாவுக்கும் அப்படித்தான். சிக்கல், பேரப்பிள்ளை பன்னிரண்டு வயதாகித் தானே வீடு வரப் பழகிய அன்று தொடங்குகிறது. அதுவரை சுமையாக இருந்த அந்த ஒரே பங்கும் அன்றோடு போய்விடும்.

சமூகப்பணியின் பார்வையை ஒரு சொற்றொடரில் சொல்வதானால் 'சூழலுக்குள் மனிதர்'. வைத்தியர் முழங்காலைப் பார்ப்பார். சமூகப் பணியாளர் முழங்காலையும் பார்த்துவிட்டு, பஸ் தரிப்பிடம் எத்தனை அடியில், நடைபாதையில் பனியை யார் அள்ளுகிறார்கள், படிக்கட்டுக்குக் கைபிடி உண்டா, கதவு யார் கையில் என்று கேட்பார். கதவு என்றதும் பெரியம்மாவின் ஸ்காபரோ வீடு நினைவுக்கு வருகிறது. அங்கே பூட்டுக்குத் திறப்பு கிடையாது, இலக்கங்கள்தான். நான்கு இலக்கமும் அவருக்கு மனப்பாடம். ஆனால் கதவு திறந்தவுடன் மகனின் கைப்பேசிக்குத் தகவல் போகும், அரை நிமிடத்தில் அழைப்பு வரும்: "அம்மா, எங்கே வெளிக்கிடுகிறீர்கள்?" பாசத்தில் கேட்கிறான், சந்தேகமில்லை. பெரியம்மா இரண்டு மூன்று முறை பதில் சொல்லிப் பார்த்துவிட்டு, கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார். வெள்ளவத்தையில் அவரிடம் இரும்புக் கேற்றுக்கு ஒன்று, மரக்கதவுக்கு ஒன்று என்று இரண்டு திறப்புகள் இருக்கின்றன. கேற் துருப்பிடித்து இழுக்கக் கஷ்டம். ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று தரம் இழுக்கிறார்.

இதை 'நலன்' என்ற கணக்கில் எங்கே வைப்பது? 1948இல் உலக சுகாதார நிறுவனம், ஆரோக்கியம் என்பது நோயில்லாத நிலை மட்டுமல்ல, உடல், உளம், சமூகம் மூன்றிலும் முழு நலத்தோடிருப்பது என்று வரையறுத்தது. பிறகு உளவியலாளர் கரோல் ரைஃப் 1989இல் உளநலனை ஆறு கூறுகளாகப் பிரித்தார்: தன்னை ஏற்றுக்கொள்ளுதல், நல்லுறவுகள், சுயாதீனம், சுற்றுப்புறத்தைக் கையாளும் திறன், வாழ்வில் நோக்கம், வளர்ச்சி. ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கதவுக் கதையில் அடிபட்டது மூன்றாவதும் நான்காவதும் என்று தெரிந்தால் போதும். நல்லுறவு அப்படியே இருக்கிறது. மகன் நல்லவன், மருமகள் நல்லவர், குளிர்சாதனப் பெட்டி நிறையச் சாப்பாடு. 'பிள்ளைகள் நன்றாகப் பார்க்கிறார்களா?' என்ற ஒரே கேள்வியால் நம் சமூகம் முதியோரின் நலனை அளக்கிறது. அந்தக் கோலுக்கு இந்த இழப்பு எட்டாது.

அளப்பது என்றேன். உண்மையிலேயே அளக்கிறார்கள். ஜேம்ஸ் லூபன் என்ற அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் 1988இல் முதியோரின் சமூகத் தொடர்பை அளக்க ஒரு கேள்விக்கொத்து செய்தார். பின்னர் அதைச் சுருக்கி ஆறு கேள்விகளாக்கினார்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிற அல்லது கதைக்கிற உறவினர் எத்தனை பேர், மனம்விட்டுச் சொந்த விடயம் கதைக்கக்கூடியவர் எத்தனை பேர், உதவிக்கு அழைக்கக்கூடியவர் எத்தனை பேர். இதே மூன்றும் நண்பர்களைப் பற்றி மறுபடியும். ஒருவரும் இல்லையென்றால் 0, ஒன்பது பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 5. மொத்தம் 30. கூட்டுத்தொகை 12க்குக் கீழே போனால், இவர் தனிமைப்பட்டுப் போகக்கூடும் என்று கவனிக்க வேண்டும்.

ஒரு மாலை, பல்கனியில் ரயில் போகிற சத்தத்துக்கு இடையே, பெரியம்மாவிடம் இந்த ஆறையும் கேட்டேன். முதலில் ஸ்காபரோவை மனதில் வைத்துப் பதில் சொல்லச் சொன்னேன்.

மாதம் ஒரு முறை கதைக்கும் உறவினர்? விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பதினான்கில் நிறுத்தினார். 5. மனம்விட்டுக் கதைக்க? கொக்குவிலில் இருக்கும் தங்கை, தொலைபேசியில். வேறு? "மகனிடம் மகனைப் பற்றி எப்படிப் பிள்ளை கதைப்பது?" 1. உதவிக்கு? மகன், மருமகள். 2. நண்பர்களில் மாதம் ஒரு முறை கதைப்பவர் கோயிலில் சந்தித்த இணுவில் பெண் ஒருவர். 1. அவரிடம் சொந்த விடயம் கதைப்பதில்லை, "ஊர் முழுக்கப் போய்விடும்." 0. உதவிக்கும் 0. கூட்டினால் 9.

அதே கேள்விகளை வெள்ளவத்தையை வைத்துக் கேட்டேன். உறவினர் பக்கம் 5, 1, 3. நண்பர் பக்கம் 4, 2, 3. ஆக 18. ஸ்காபரோவில் மகன் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் 9. இங்கே தனியாக ஓர் இரண்டு அறை வீட்டில் 18. தனியாக வாழ்வதும் தனிமைப்பட்டு வாழ்வதும் ஒன்றல்ல என்று பாடநூல்கள் சொல்வதைப் படித்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. (ஒருவரின் புள்ளியை வைத்து ஒரு சமூகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இது ஆய்வு அல்ல, தேநீர் நேரம்.)

நடுவில் பெரியம்மா ஒரு சந்தேகம் கேட்டார். "மரக்கறிக்காரரைச் சேர்க்கலாமா?" காலை எட்டு மணிக்கு வண்டியில் வருபவர். பெரியம்மா கூடையை இறக்கினால் முருங்கைக்காயை முறித்துக் காட்டுவார். இரண்டு நாள் கூடை இறங்காவிட்டால் மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். அவருக்குத் தமிழ் பாதி, பெரியம்மாவுக்குச் சிங்களம் கால்வாசி. அவர் நண்பரா? லூபனின் கேள்வித்தாளில் அவருக்கு இடமில்லை. இத்தகைய மெல்லிய உறவுகளுக்கு சமூகவியலில் 'பலவீனமான இணைப்புகள்' என்று பெயர். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. ஒருவர் படுக்கையில் விழுந்தால் முதலில் கவனிக்கிறவர் அவர்தான் என்றால், அதில் பலவீனம் எங்கே இருக்கிறது?

அளவுகோலோடு வரும் அடுத்த வில்லங்கம் மொழி. முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முப்பது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வந்தது, 1986இல் பதினைந்தாகச் சுருங்கியது. உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது, பயனுள்ளதுதான். ஆனால் அதில் ஒரு கேள்வி, வெளியே போய்ப் புதியவற்றைச் செய்வதைவிட வீட்டில் இருப்பதையே விரும்புகிறீர்களா என்று கேட்கும். ஆம் என்றால் மனச்சோர்வின் பக்கம் ஒரு புள்ளி. கணவர் இறந்த பிறகு நல்ல காரியங்களுக்கு முன்னால் நிற்காமல் ஒதுங்கப் பழக்கப்பட்ட தலைமுறைப் பெண்ணிடம், அதுவும் சைபருக்குக் கீழே இருபது பாகைக் குளிரில், இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? அந்த ஆம் என்பது நோயா, வழக்கமா, வானிலையா? நல்ல ஆராய்ச்சியாளர் கேள்வியைத் தமிழாக்கி, அதை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்பார். அதோடு நிற்காமல் நாலைந்து முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் அந்தக் கேள்வியை என்னவென்று விளங்கிக்கொண்டார்கள் என்றும் விசாரிப்பார்.

'மனச்சோர்வு' என்ற சொல்லே புத்தகச் சொல். பெரியம்மாவின் தலைமுறை அதைச் சொல்லாது. "ஒரே யோசனை" என்று சொல்லும். யாழ்ப்பாணத் தமிழில் யோசனை என்பது சிந்தனை மட்டுமல்ல, கவலையும்தான். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பதும் அதில் அடங்கும். இல்லாவிட்டால் உடம்பு பேசும்: தலையிடி, நெஞ்செரிவு, கை கால் விறைப்பு. கேள்வித்தாளில் 'மனச்சோர்வு உண்டா?' என்று கேட்டு 'இல்லை' என்று குறித்துக்கொண்டு போகிறவர், 'யோசனை கூடவா?' என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருந்திருக்கும்.

பிறகு, யார் மொழிபெயர்ப்பது? பெரும்பாலும் பக்கத்தில் மகனோ மகளோ இருப்பார்கள். ஒரு முறை அங்குள்ள ஒரு சிகிச்சை நிலையத்தில் தாதி கேட்ட கேள்விக்குப் பெரியம்மா நான்கு வாக்கியம் சொல்ல, மகன் அதை ஒரே சொல்லில் சொல்லி முடித்தானாம்: 'ஃபைன்'. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தச் சொல் தெரியும். 'இவ்விடம் யாவரும் நலம்' என்ற பழைய வரியின் ஆங்கிலம் அது. பிள்ளைகளின் முன்னால் 'தனிமையாக உணர்கிறீர்களா?' என்று கேட்டால் 'ஆம்' என்ற பதில் பிள்ளைகள் மேல் வைக்கும் குற்றச்சாட்டாகிவிடும். எந்தத் தாய் வைப்பார்? ஆகவே தனியே சந்திப்பார்கள். சிலர் கூடவே நடப்பார்கள், கடைக்கும் கோயிலுக்கும் போகிற வழியில் கதைப்பார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத பேச்சு நடக்கும்போது வரும். அத்தகைய ஆய்வைப் 'பண்புசார் ஆய்வு' என்பார்கள்: பத்துப் பதினைந்து பேரோடு நீண்ட உரையாடல், எண்ணுக்குப் பதிலாகக் கதை. எண்ணிக்கை ஆய்வு எத்தனை பேருக்கு என்று சொல்லும். இது எப்படி நேர்கிறது என்று சொல்லும். எனக்கு இரண்டாவதில்தான் ருசி.

நலன் மனதைப் பற்றியது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் பாதி சட்டத்திலும் படிவத்திலும் இருக்கிறது. கனடாவில் பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும் பிள்ளை, அவர்களுடைய செலவுக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்திட வேண்டும். 2014 வரை அந்தப் பொறுப்பு 10 ஆண்டு. அதன்பின் கியூபெக் தவிர்ந்த இடங்களில் 20 ஆண்டு. அரசின் முதியோர் ஓய்வூதியம் 65 வயதில் கிடைக்கும், ஆனால் குறைந்தது 10 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். முழுத்தொகைக்கு 40 ஆண்டு. அறுபத்தேழில் போனவருக்கு என்ன அர்த்தம்? முதற் பத்து ஆண்டும் அர்ச்சனை டிக்கெட்டுக்குக்கூட மகனிடம்தான் கேட்கவேண்டும். மகன் முகம் சுளிக்காமல் கொடுப்பான். கேட்கவேண்டியிருக்கிறதே என்பதுதான் பெரியம்மாவின் யோசனை. கொக்குவிலில் தோடு விற்றுக் கடன் அடைத்தவர், பிறர் கையைப் பார்த்து வாழ்ந்ததில்லை.

பெற்றோர் விருந்தினராக நீண்ட காலம் தங்குவதற்கென்று 2011 டிசம்பரில் வந்த 'சுப்பர் விசா'வில் போகிறவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, அரசு மருத்துவமும் இல்லை. குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான தனியார் காப்புறுதி எடுத்தால்தான் விசாவே. பெரியம்மாவிடம் நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறது. அதைக் காப்பாற்ற ஐந்து ஆண்டில் 730 நாளாவது அங்கே இருக்கவேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவ அட்டைக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள். வெள்ளவத்தை வீட்டுச் சுவரில், முருகன் படம் போட்ட கலண்டரில், பெரியம்மா நாள்களை நீலப் பேனையால் வெட்டி வருகிறார். பிரதோஷமும் ஏகாதசியும் அச்சில். வதிவிடக் கணக்கு கையெழுத்தில்.

இப்படிப் போவதும் வருவதும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு தலையிடி. குடியேறி வந்தவர்கள் உள்ளூர்வாசிகளைவிட ஆரம்பத்தில் ஆரோக்கியமாக இருப்பதையும், ஆண்டுகள் போகப் போக அந்த மேன்மை தேய்வதையும் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். 'ஆரோக்கியமான குடியேறி விளைவு' என்று பெயர். மருத்துவப் பரிசோதனையைத் தாண்டித்தானே விசா கிடைக்கிறது, அதனால் வியப்பில்லை. இன்னொரு விளக்கத்துக்கு சால்மன் மீனின் பெயர். முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் அது. அமெரிக்காவில் குடியேறிய இலத்தீன் அமெரிக்கர்களின் இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தபோது, நோயுற்றவர்கள் பிறந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவதால் அவர்களின் மரணம் அமெரிக்கக் கணக்கில் ஏறுவதில்லையோ என்று சிலர் கேட்டார்கள். அது முழு விளக்கமல்ல, ஒரு பங்கு மட்டுமே என்பதுதான் இன்று பொதுவான கருத்து. ஆனால் வெள்ளவத்தையில் வசிப்பவனுக்கு அந்த மீனை நன்றாகத் தெரியும். எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் ஒருவர், ஐந்தில் இருவர். பக்கவாதம் வந்த பிறகு, ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்க்க இங்கே கட்டுப்படியாகும் என்று திரும்பியவர்கள். ரொறன்ரோவில் எடுக்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர்கள் இல்லை. இங்கே எடுத்தாலும் அவர்களை யாரும் 'குடியேறியவர்' என்று எண்ணப்போவதில்லை.

விடுபடுகிறவர்கள் இன்னும் உண்டு. தமிழ் முதியவர்களைத் தேடும் ஆராய்ச்சியாளர் இயல்பாகவே கோயிலுக்கும் முதியோர் சங்கத்துக்கும் போவார். அங்கே வருகிறவர்கள் வரக்கூடியவர்கள். வாகனத்தில் கொண்டுவந்து விட ஆளிருப்பவர்கள். நிலவறை வீட்டிலிருந்து மாதக்கணக்கில் வெளியே வராதவர் எப்படி அந்தப் பட்டியலில் வருவார்? 'எங்கள் ஆய்வில் பெரும்பாலானோர் திருப்தியாக இருக்கிறார்கள்' என்று ஓர் அறிக்கை சொன்னால், அவர்களை எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்க வேண்டும். பாதி அறிக்கைகள் அந்த ஒரு கேள்வியிலேயே தள்ளாடும்.

கலாசார இசைவாக்கம் பற்றிச் சுருக்கமாக. கனடிய உளவியலாளர் ஜோன் பெரி, குடியேறியவர்கள் நான்கு வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள் என்றார்: இரண்டு கலாசாரத்தையும் இணைப்பது, புதியதில் கரைவது, பழையதோடு ஒதுங்கி நிற்பது, இரண்டிலும் ஒட்டாமல் போவது. பரீட்சைக்கு நல்ல விடை. பெரியம்மா பீட்ஸாவுக்கு இடிச்ச சம்பல் தொட்டுச் சாப்பிடுகிறார், ஐஸ் ஹொக்கி பார்க்கிறார், அயல்வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று பெரிக்கே தெரியுமோ என்னவோ.

இலங்கையில் இந்தத் துறை வெறுமையாக இல்லை. சமூகப்பணிக் கல்வி இங்கே 1952இலேயே தொடங்கிவிட்டது. இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அதில் பட்டம் தருகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி ஒரு சபையிடம் முறையிடலாம். 2012 குடிசன மதிப்பீட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம். அதன்பின் எத்தனை இளையவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தால் போய்விட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை மூன்று நாட்டில் சிதறியிருக்கும்போது பராமரிப்புச் சபை எந்த முகவரிக்கு அழைப்பாணை அனுப்பும் என்பதெல்லாம் இங்குள்ள மாணவர்கள் எடுத்துச் செய்யவேண்டிய ஆய்வுகள். புலம்பெயர்ந்தோர் ஆய்வு ரொறன்ரோவில்தான் நடக்கவேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

"இவ்வளவும் கேட்டு என்ன செய்வார்கள்?" என்று பெரியம்மா கேட்டார். மூன்றாவது கேள்வி. பதில்கள் பெரும்பாலும் சின்னவை: தமிழில் பேசும் ஓர் உரைபெயர்ப்பாளர், வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மண்டபம், பனி பெய்தாலும் வாசலுக்கு வரும் ஒரு வாகனம், பஸ் இலக்கத்தைத் தாய்மொழியில் எழுதிய ஓர் அட்டை. நான் அவருடைய மகனுக்கு அழைத்து அந்தக் கதவுத் தகவலை நிறுத்தச் சொன்னேன். இது ஆய்வு முறைப்படி பிழை; ஆராய்ச்சியாளர் குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது. நான் ஆராய்ச்சியாளன் அல்ல, தங்கை மகன். அவன் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "அம்மா சொல்லவே இல்லையே" என்றான்.

இந்த முறை கார்த்திகையில் வந்திறங்கியபோது அதே ஆறு கேள்விகளையும் மறுபடி கேட்டேன், ஸ்காபரோவை வைத்து. உறவினர் பக்கம் ஒன்றும் மாறவில்லை. நண்பர்களுக்கு வந்தபோது பெரியம்மா கொஞ்சம் தயங்கினார். காலையில் பஸ் தரிப்பிடம் வரை நடந்து போகிறாராம். அங்கே ஒரு சீனக் கிழவியும் வருவாராம். இருவரும் வாங்கில் உட்கார்ந்து, அவர் சீனத்தில் சொல்ல, பெரியம்மா தமிழில் சொல்ல, பஸ் வந்தாலும் ஏறுவதில்லையாம். இரண்டு நாள் காணாவிட்டால் மூன்றாம் நாள் கையைப் பிடித்துப் பார்ப்பாராம்.

"பெயர் தெரியாது. சேர்க்கலாமா?"

நண்பர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் இணுவில் பெண்ணோடு சேர்த்து 2 என்று எழுதினேன். கூட்டினால் 10. இன்னும் 12க்குக் கீழேதான்.